ஆணி அடிக்காத பிளேட்

அந்தப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் சாஃப்ட்பால் அணியில் பூட்டு என்று ஒருத்தி இருந்தாள். பெற்றவர்கள் வைத்த பெயர் வகுப்பறையோடு சரி; மைதானத்துக்குள் கால் வைத்துவிட்டால் அவள் பூட்டுதான். அவள் கையுறைக்குள் போன பந்து சாவி போட்டுத் திறந்தால்தான் வெளியே வரும் என்று முதலாண்டில் யாரோ ஒரு அக்கா சொல்லப்போக, அதுவே ஒட்டிக்கொண்டது. இத்தனை பெருமையான பட்டப்பெயரைச் சுமந்துகொண்டு, நான்காம் ஆண்டின் கடைசி மாதம் வரைக்கும் அவள் ஒரு போட்டியில்கூட ஆடவில்லை. கேட்டவர்களுக்குச் சிரிப்பு வரும். அவளுக்கு வராது.

சாஃப்ட்பால் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. பெயரிலேயே சாஃப்ட் இருக்கிறதே என்று நம்பி யாரும் அந்தப் பந்தை வெறுங்கையில் வாங்கிவிட வேண்டாம்; விரல் வீங்கி, மோதிரத்தை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். நடுவில் நிற்கிற பிட்சர் கையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி இடுப்புக்குக் கீழிருந்து பந்தை வீசுவாள். எதிரணிக்காரி மட்டையோடு நின்று அடிக்கப் பார்ப்பாள். அடித்தால் முதல் பேஸ், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ் என்று சுற்றி ஓடி, கிளம்பின இடத்துக்கே வந்து சேர வேண்டும். வந்தால் ஒரு ரன். அந்த இடத்தில் ஐந்து மூலை கொண்ட வெள்ளை ரப்பர் பலகை ஒன்று தரையோடு தரையாகக் கிடக்கும். அதுதான் ஹோம் பிளேட். அதற்குப் பின்னால் முகமூடியும் மார்புக் கவசமும் மாட்டிக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வருகிற பந்தையெல்லாம் வாங்குகிறவள் கேட்சர்.

பூட்டு கேட்சர். ஆனால் இரண்டாவது கேட்சர்.

முதல் கேட்சர் அணியின் கேப்டன். இரண்டு பேரும் ஒரே நாளில் தேர்வுக்கு வந்தவர்கள், நான்கு வருடமாக ஒரே விடுதி அறையில் இருப்பவர்கள். பந்தை வாங்குவதில் யார் பெரியவள் என்று கேட்டால் மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். மட்டையைக் கையில் கொடுத்தால் அந்தச் சந்தேகமே கிடையாது. கேப்டன் அடித்தால் பந்து மரத்துக்கு மேலே போகும். பூட்டு அடித்தால் அவள் காலடியிலேயே விழுந்து, மன்னிப்புக் கேட்பதுபோல் இரண்டு உருளு உருளும். அதனால் கேப்டன் ஆடினாள். காய்ச்சலோடு ஆடினாள், மறுநாள் பரீட்சையை வைத்துக்கொண்டும் ஆடினாள். இவளுக்கு ஒரு நாளாவது தொண்டை கட்டாதா என்று பூட்டு மனதுக்குள் ஏங்கியதும் உண்டு. ஏங்கிய பாவத்துக்கு அன்றிரவே அவளுக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்ததும் உண்டு.

அணி நடந்த விதத்தைச் சொன்னால்தான் இரண்டாவது கேட்சரின் பிழைப்பு புரியும். விடிவதற்கு முன்பே பயிற்சி தொடங்கிவிடும். முதலாண்டுப் பிள்ளைகள் கனத்த வலையைத் தரையில் இழுத்துப் போய் மண்ணைச் சமப்படுத்தி, சுண்ணாம்புப் பொடியில் கோடு போடுவார்கள். இரண்டாம் ஆண்டுக்காரிகள் மட்டைப் பைகளைச் சுமப்பார்கள். மூன்றாம் ஆண்டுக்காரிகள் தலைக்கவசங்களைத் துடைத்துக் காயவைப்பார்கள். நான்காம் ஆண்டுக்காரிகளின் வேலை, இவர்கள் மூவரும் செய்ததில் குறை கண்டுபிடிப்பது. சாயங்காலம் ஒரு மணி நேரம் எல்லோரும் நூலகத்தில் உட்கார்ந்தாக வேண்டும். அரியர் வைத்தவள் அதை முடிக்கும் வரை ஆட முடியாது. பயிற்சியாளரை மேடம் என்பார்கள். அவருக்கு ஒரு முழங்கால் மடங்காது; அவரிடம் ஒரு பொய் செல்லாது. புதன்கிழமை தோறும் இயற்பியல் துறையிடம் ஒரு வகுப்பறையை இரவல் வாங்கி ஆட்ட விதிகளைப் பாடமாக நடத்துவார்.

அந்த வகுப்பில் மேடம் அலுக்காமல் சொல்கிற விதி ஒன்று உண்டு. "மூணு தடவை கோட்டை விட்டா, அதாவது மூணு ஸ்ட்ரைக் ஆனா, மட்டைக்காரி அவுட். சரி. ஆனா அந்த மூணாவது பந்தை கேட்சர் தரையில படாம பிடிச்சிருக்கணும். தரையில பட்டுடுச்சுன்னா அவ இன்னும் உயிரோடதான் இருக்கா. பந்து போய்ச் சேர்றதுக்கு முன்னாடி முதல் பேஸுக்கு ஓடலாம். எப்பெப்ப ஓடலாம்? சொல்லுங்க." "முதல் பேஸ் காலியா இருந்தா, இல்லேன்னா ரெண்டு பேர் ஏற்கெனவே அவுட் ஆகியிருந்தா!" என்று பிள்ளைகள் கோரஸாகச் சொல்வார்கள். இந்த விதிக்கு உள்ளே இன்னொரு கிளை விதியும் இருந்தது. மேடம் அதற்கு வந்து சேரும் நேரத்தில் முக்கால்வாசிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியிருப்பார்கள்.

எல்லோரும் மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது கேட்சருக்கு வேறு இடம். உடை மாற்றும் கொட்டகைக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. பிட்சர்கள் ஒவ்வொருவராக அங்கே வந்து கையைச் சூடேற்றிக்கொள்வார்கள். அத்தனை பேரின் பந்தையும் பூட்டு வாங்க வேண்டும். அவள் முதுகுக்குப் பின்னால் மூடியில்லாத சாக்கடை ஒன்று ஓடியது. பந்து தாண்டிப் போனால் நேரே அதில்தான் விழும். விட்டவளே குச்சியால் நோண்டி எடுத்து, கழுவி, காயவைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் வாரம் இரண்டு தடவை அந்த வேலையைச் செய்தாள். அதற்குப் பிறகு கையில் அகப்படாத பந்தை மார்பால் தடுத்தாள், முழங்காலால் தடுத்தாள், ஒரு முறை முகவாயாலும் தடுத்தாள். சாக்கடைக்கு மட்டும் விடவில்லை.

சந்தில் கிடந்த பிளேட், மைதானத்தில் தேய்ந்து ஓய்வு பெற்ற பழைய பிளேட். அதைத் தரையில் போட்டிருந்தார்களே தவிர ஆணி அடித்திருக்கவில்லை. பந்து பட்டால் நகரும், கால் பட்டால் நகரும், சும்மா இருந்தாலும் நகர்ந்திருக்கும்போலத் தோன்றும். அதனால் பூட்டுக்கு ஒரு பழக்கம் வந்தது. பந்தைத் தடுப்பாள், பொறுக்குவாள், ஒரு எட்டு முன்னால் வைத்து இடது காலால் பிளேட்டை அதன் இடத்துக்கு இழுத்து அழுத்தி மிதிப்பாள், பிறகுதான் பந்தைத் திருப்பி எறிவாள். ஒவ்வொரு பந்துக்கும் இதே கதை.

"பிளேட்டு என்ன ஓடியா போகப் போகுது? ஏண்டி அதைப் போட்டு மிதிக்கறே?" என்று கேப்டன் கேலி செய்வாள்.

"ஓடித்தான் போகுது. வந்து பாரு" என்பாள் பூட்டு.

மைதானத்தைப் பராமரிப்பவரிடம் அவள் முறையிடாத மாதம் இல்லை. மைதானக்காரர் நல்ல மனிதர், ஆனால் சட்டம் பேசுகிறவர்.

"ஆணி என் கையில இல்லம்மா. பிளேட்டு விளையாட்டுத் துறையோடது. தரை எஸ்டேட் ஆபீசோடது. ஆணி இன்ஜினியரிங் பிரிவோடது. மூணு பேரும் ஒரே நாள்ல ஆபீசுக்கு வரணும்."

"அண்ணே, நாலு ஆணிதானே? நானே கடையில வாங்கிட்டு வந்துடறேன்."

"வாங்கிட்டு வரலாம்மா. அடிக்கறதுக்கு யாரு உத்தரவு குடுக்கறது?"

இப்படியே நாலு வருடம் ஓடியது, ஆணி வரவில்லை.

இதெல்லாம் அவளுக்குப் பெரிய துக்கமில்லை. துக்கம் வேறிடத்தில் இருந்தது. ஆட்டக்காரிகள் உட்காரும் கொட்டகையின் பின்சுவரில், அந்த அணிக்காக ஆடிய ஒவ்வொருத்தியின் பனியன் எண்ணும் பட்டப்பெயரும் பெயிண்டில் எழுதப்பட்டிருக்கும். அணி தொடங்கிய காலத்து எண்கள் வெளிறிப்போய், தடவினால்தான் தெரியும். சுவரில் ஏறுவதற்கு ஒரே நிபந்தனை, கணக்கில் வருகிற போட்டியில் ஒரு பந்துக்காவது களத்தில் நின்றிருக்க வேண்டும். பயிற்சி ஆட்டம் செல்லாது. பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்த சாயங்காலம், புதிதாகத் தகுதி பெற்றவர்கள் தூரிகையை எடுத்துத் தாங்களே எழுதிக்கொள்வார்கள். மற்றவர்கள் சுற்றி நின்று கத்துவார்கள். கேப்டனின் எண் முதலாண்டிலேயே ஏறிவிட்டது. நேற்று வந்த பிள்ளைகள்கூட ஏறிவிட்டார்கள். ஒவ்வொரு வருடமும் பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் பூட்டு. சுவரில் இல்லாமலே படிப்பை முடித்துப் போய்விடுவோமோ என்ற பயம் அவளுக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது. வாய் விட்டு யாரிடமும் சொல்லவில்லை.

மேடத்துக்குத் தெரியாமல் இல்லை. ஒரு தடவை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். "சுவத்துல ஏறணுங்கறதுக்காக நான் யாரையும் இறக்க மாட்டேன் பூட்டு. இறங்கறவளுக்கு அங்க ஒரு வேலை இருக்கணும். நாளைக்கு அந்த எண்ணைப் பார்த்தா உனக்கே கூசக் கூடாது பாரு." பூட்டுக்கு அந்த நியாயம் பிடித்திருந்தது, அதனால்தான் இன்னும் வலித்தது.

மூன்றாம் ஆண்டில் ஒரு சின்ன அணியைத் துவைத்துக் காயப்போட்டுக் கொண்டிருந்தார்கள். மேடம் திரும்பிப் பார்த்து, "பூட்டு, கவசத்தை மாட்டு" என்றார். ஓடிப் போய் மாட்டினாள். கால் கவசத்தின் கடைசி வாரைக் கொக்கியில் செருகும்போது நடுவர் கையை உயர்த்தி ஆட்டம் முடிந்தது என்று அறிவித்துவிட்டார். ரன் வித்தியாசம் அளவுக்கு மீறிப் போனால் பாதியிலேயே நிறுத்திவிடுவார்களாம். அணி ஜெயித்ததற்காகக் குளியலறையில் போய் அழுத ஒரே ஆள் உலகத்தில் அவளாகத்தான் இருக்கும்.

வீட்டில் வேறு மாதிரி. அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் மேசையில் வேலை பார்த்தாள். தைத்த சட்டைகள் வரிசையாக வரும்; தையல் மேல் விரலை ஓட்டி, காலரைத் திருப்பி, பொத்தானைச் சுண்டிப் பார்த்து, 'பாஸ்' அல்லது 'ரிஜெக்ட்' என்று சொல்லித் தள்ள வேண்டும். வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லி அந்த வாய் வீட்டுக்கும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் திரைச்சீலை ரிஜெக்ட். அப்பா சவரம் செய்துகொண்ட அழகு ரிஜெக்ட். பாஸ் என்ற சொல்லை வீட்டில் யாரும் அவ்வளவாகக் கேட்டதில்லை. அப்பா குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவர். பேசுகிற பொறுப்பை மொத்தமாக அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்.

விடுமுறைக்குப் போனால் அம்மா மகளின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை நீலமும் பச்சையுமாகக் கன்றிப்போயிருக்கும்.

"ஆட்டத்துல பட்டதா?"

"இல்லம்மா, பயிற்சியில."

"ஆடாமலே இவ்வளவு அடின்னா, ஆடியிருந்தா நீ ஆளே திரும்பி வந்திருக்க மாட்டே போலிருக்கே! நாலு வருஷமா ஒப்புக்குச் சப்பாணியா போய் வந்துக்கிட்டிருக்கே. அவங்க வருஷா வருஷம் எடுக்கற போட்டோவுல உன்னைத் தேடித் தேடி என் கண்ணே பூத்துப்போச்சு. ஓரத்துல பாதி தோள் தெரியுது, அதான் என் பொண்ணுன்னு மேசையில எல்லாருக்கும் காட்டிக்கிட்டு இருக்கேன்."

அம்மா கோபத்தில் சொன்னாளா, வருத்தத்தில் சொன்னாளா என்று பூட்டால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. எதுவாக இருந்தாலும் சுருக்கென்று தைத்தது.

அப்படியானால் ஏன் விட்டுவிட்டு வரவில்லை என்று கேட்கலாம். விட முடியவில்லை, அவ்வளவுதான். வேகமாக வருகிற பந்து கையுறையின் நடுக்குழியில் சரியாகப் போய் விழும்போது ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காக அவள் விடிவதற்கு முன் எழுந்தாள். அப்புறம் சுண்டு இருந்தாள்.

சுண்டு இரண்டாம் ஆண்டுப் பிட்சர். ஆள் சுண்டுவிரல் உயரம், கையில் மட்டும் அசுர வேகம். அவளிடம் ஒரு பந்து இருந்தது. இடுப்பு உயரத்தில் நேராக வரும். மட்டைக்காரி இது நமக்கென்றே வருகிறது என்று ஓங்கும் சமயத்தில், படிக்கட்டில் கால் தவறினதுபோல் தொபுக்கென்று கீழே இறங்கிவிடும். டிராப் பால் என்பார்கள். அடிக்க முடியாத பந்துதான், ஆனால் பிடிக்கவும் முடியாது. தரையில் குத்தி எங்கே துள்ளும் என்று போட்டவளுக்கே தெரியாது. மூன்றாம் பேஸில் எதிரணி ஆள் நிற்கும்போது அது கேட்சரைத் தாண்டினால் சும்மா ஒரு ரன் போய்விடும். "எனக்கு வேண்டாம் தாயே, அதை நீயே வச்சுக்கோ" என்று கேப்டன் நெருக்கடியில் அந்தப் பந்தைக் கேட்கவே மாட்டாள். சந்தில் பூட்டுக்கு எதிரே மட்டும் சுண்டு அதை ஓயாமல் போட்டுக்கொண்டிருப்பாள்.

"அக்கா, உங்ககிட்ட மட்டும்தான் இது பயமில்லாம வருது" என்பாள்.

"பயப்பட வேண்டியவ நானு. நீ போடு" என்பாள் பூட்டு.

அந்த வருடம் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியின் இறுதி ஆட்டம் அவர்கள் மைதானத்திலேயே நடந்தது. எதிரே நின்றது, தொடர்ந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகிற பெரிய அணி. பூட்டின் கடைசி ஆட்டம். ஆட்டம் என்று சொல்வதே பெரிய வார்த்தை. அம்மாவுக்கு ஃபோன் போட்டு, "வராதீங்கம்மா, நான் சந்துலதான் இருப்பேன், உங்க கண்ணுக்கே தெரிய மாட்டேன்" என்றாள். அம்மா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அப்பாவை இழுத்துக்கொண்டு வந்து, படிகளில் முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். "தெரியற வரைக்கும் பார்த்துட்டுப் போறேன்" என்றாளாம்.

கடைசிச் சுற்று. நம் அணி ஒரே ஒரு ரன் முன்னால். எதிரணி அடிக்கிறது. இரண்டு பேரை அவுட் ஆக்கியாகிவிட்டது. இன்னும் ஒருத்தியை ஆக்கினால் கோப்பை. ஆனால் விதி சும்மா இருக்குமா? ஒருத்தி அடித்துப் போனாள், இன்னொருத்தி தப்பாக வந்த நாலு பந்தைத் தொடாமல் பொறுமையாக நின்று, இலவசமாக முதல் பேஸுக்கு நடந்தே போனாள், மூன்றாமவளை நம் ஆட்களே பந்தைத் தவறவிட்டு அனுப்பி வைத்தார்கள். மூன்று பேஸிலும் ஆள் நிரம்பிவிட்டது. சுண்டு வீசினாள். மட்டை விளிம்பில் உரசின பந்து விலகி, கேப்டனின் வலது கட்டைவிரலில் போய் இடித்தது.

கேப்டன் கத்தவில்லை. கையைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு மண்டியிட்டாள். பிசியோதெரபிஸ்ட் வந்து விரலைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்து முடியாது என்று தலையை ஆட்டினார். மேடம் சந்துப் பக்கம் திரும்பி ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"பூட்டு!"

மாற்றுப் பிட்சரைச் சூடேற்றிக்கொண்டிருந்ததால் அவள் கவசத்தோடுதான் இருந்தாள். இந்தத் தடவை கொக்கியெல்லாம் மாட்டியிருந்தது. ஓடி வந்தாள். எதிரே வந்த கேப்டனின் கண்ணில் தண்ணீர் நின்றது.

"சுண்டுவைப் பாத்துக்கோடி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பூட்டு முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டாள். நாலு வருடம் காத்திருந்தது இதற்காகத்தான் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. இதற்கு ஆசைப்பட்டிருக்கவே வேண்டாம் என்று இன்னொரு குரல் சொன்னது. இரண்டையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு சுண்டுவிடம் போனாள். சுண்டுவின் முகம் வெளுத்திருந்தது.

"எதைப் போடலாம்னு இருக்கே?"

"அதைத்தான் அக்கா. ஆனா மூணாவது பேஸுல ஆள் இருக்கே."

"இருந்துட்டுப் போகட்டும். அங்க எனக்குப் பின்னால சாக்கடை. இங்க அது கூட இல்ல. போடு."

சுண்டு சிரித்துவிட்டாள்.

முதல் பந்து இறங்கியது. மட்டைக்காரி அசையவில்லை. பந்து மண்ணில் குத்தி எகிறி பூட்டின் மார்புக் கவசத்தில் மோதி, அவள் முழங்காலடியில் விழுந்தது. மூன்றாம் பேஸிலிருந்து நாலடி ஓடி வந்தவள் பயந்து திரும்பி ஓடினாள். படியில் அம்மா, "ஐயோ, கீழ விட்டுட்டாளே!" என்று கத்தினாளாம். "விடலை. தடுத்திருக்கா" என்றாராம் அப்பா. உங்களுக்கெப்படித் தெரியும் என்று அம்மா கேட்டதற்கு, "நாலு வருஷமா அவ ஃபோன்ல சொல்றதைக் கேட்டுக்கிட்டுதானே இருக்கேன்" என்றாராம். பேசாத மனிதரின் காது எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்தது வேகப் பந்து. மட்டையில் உரசி வெளியே போனது. அப்படி உரசி வெளியே போவதும் ஸ்ட்ரைக் கணக்குதான்; கேப்டனின் விரலை இடித்த பந்தோடு சேர்த்து இரண்டு ஸ்ட்ரைக் ஆயிற்று. இன்னும் ஒன்று. பூட்டு தொடைகளுக்கு நடுவே விரலால் சைகை காட்டினாள். அதே டிராப்.

சுண்டுவின் கை சுழன்றது. பந்து இடுப்பு உயரத்தில் ஆசை காட்டிக்கொண்டு வந்தது. மட்டைக்காரி முழு பலத்தோடு வீசினாள். பந்து இறங்கிவிட்டது, மட்டை காற்றைத்தான் அடித்தது. "ஸ்ட்ரைக்!" என்றார் நடுவர்.

அவ்வளவுதான், மைதானம் பொங்கி வழிந்தது. மூன்றாவது ஸ்ட்ரைக்! கொட்டகையிலிருந்து பிள்ளைகள் கூச்சலோடு உள்ளே பாய்ந்தார்கள். முதல் பேஸைக் காக்க வேண்டிய நெட்டைப் பெண், ஒட்டகம் என்று பெயர், பேஸை அம்போவென்று விட்டுவிட்டு ஓடி வந்து சுண்டுவைத் தூக்கிச் சுற்றினாள். மேடமே தொப்பியைக் கழற்றி மேலே எறிந்துவிட்டார். புதன்கிழமை வகுப்பில் கோரஸாகச் சொன்னதெல்லாம் ஒரே நொடியில் காற்றோடு போய்விட்டது. பந்து தரையில் பட்டுத் துள்ளி பூட்டின் மார்பில் மோதி முன்னால் கிடந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. மட்டைக்காரி இன்னும் அவுட் ஆகவில்லை.

பார்த்தது எதிரணிப் பயிற்சியாளர் மட்டும்தான். "ஓடு! ஓடு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். தலையைத் தொங்கப் போட்டு நடக்க ஆரம்பித்திருந்த மட்டைக்காரி திடுக்கிட்டு முதல் பேஸை நோக்கி ஓடினாள். மூன்றாம் பேஸ்காரி தலைதெறிக்க ஹோமை நோக்கி வந்தாள். மற்ற இருவரும் பின்னாலேயே கிளம்பினார்கள். மேடத்துக்கு அப்போதுதான் உறைத்தது. "ஃபர்ஸ்ட்டுக்கு எறி! ஃபர்ஸ்ட்டுக்கு எறி!" என்று அலறினார். முதல் பேஸில் யார் இருந்தார்கள் எறிவதற்கு? ஒட்டகம் நடு மைதானத்தில் சுண்டுவைத் தோளில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றாள்.

பூட்டு பந்தைப் பொறுக்கினாள். ஒரு எட்டு முன்னால் வைத்து, இடது காலால் பிளேட்டை அழுத்தி மிதித்தாள். பிளேட் நகரவில்லை. அதில் அவளுக்கே ஒரு கணம் ஆச்சரியம். பந்தை எறியக் கையைத் தூக்கினாள், முதல் பேஸில் ஆளில்லை என்று கண்டாள், மரம் மாதிரி அங்கேயே நின்றாள். மூன்றாம் பேஸ்காரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு சறுக்கி வந்து அவள் காலில் மோதி விழுந்தாள்.

நடுவர் கையை முஷ்டியாக்கி உயர்த்தினார்.

"அவுட்! ஆட்டம் முடிஞ்சது!"

கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எதிரணிப் பயிற்சியாளர் கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தார். நடுவர் அலட்டிக்கொள்ளாமல் விளக்கினார். மட்டைக்காரி முதல் பேஸுக்கு ஓட வேண்டுமென்றால், நிரம்பிக் கிடக்கிற பேஸ்களில் ஒவ்வொருத்தியும் அடுத்தவளுக்கு இடம் விட்டு ஓடியே தீர வேண்டும். மூன்றாம் பேஸ்காரி ஹோமுக்கு வந்தே ஆக வேண்டும். அவள் வருவதற்கு முன் கேட்சர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பிளேட்டைத் தொட்டுவிட்டால் போதும். எறிய வேண்டாம், ஓட வேண்டாம். வகுப்பில் எல்லோரும் தூங்கிப்போகிற அந்தக் கிளை விதி இதுதான். எதிரணிப் பயிற்சியாளர் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பிப் போனார்.

இரண்டாவது தடவை பொங்கியது மைதானம். முதல் தடவையைவிடப் பெரிதாக. இந்த முறை எல்லோரும் ஓடி வந்தது சுண்டுவிடம் அல்ல. பூட்டை அள்ளித் தூக்கி மேலே எறிந்தார்கள், பிடித்தார்கள், மறுபடி எறிந்தார்கள். கவசத்தோடு அவள் ஒரு மூட்டை கனம் இருப்பாள். அன்றைக்கு யாருக்கும் அது கனமாகப் படவில்லை. கேப்டன் ஐஸ் கட்டின கையைத் தூக்கிக்கொண்டு, வலி மறந்து, "என் ரூம்மேட்டுடி! என் ரூம்மேட்டு!" என்று ஊரைக் கூட்டினாள்.

மேடம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் தோளைப் பிடித்தார். "நானே கோட்டை விட்டுட்டேன். உனக்கு எப்படி அந்த விதி அந்த நேரத்துல ஞாபகம் வந்துச்சு?"

பூட்டு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் காலத்துக்கும் புத்திசாலி என்று பெயர் நின்றிருக்கும். ஆனால் மேடத்திடம் பொய் செல்லாது.

"ஞாபகம் வரலை மேடம். கால்தான் தானா போச்சு. அங்க பிளேட்டு நகர்ந்துக்கிட்டே இருக்குமா, அந்தப் பழக்கத்துல மிதிச்சுட்டேன்."

மேடம் அவளையே பார்த்தார். பிறகு மடங்காத காலைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். நாலு வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. "அப்ப அந்தச் சந்துல ஆணி அடிக்காத மூணு டிப்பார்ட்மெண்ட்டுக்கும் நான் மாலை வாங்கிப் போடணும்!" என்றார்.

பரிசு வழங்க வந்திருந்த துணைவேந்தர் காதில் இது விழுந்துவிட்டது. என்ன ஆணி, என்ன பிளேட் என்று அவர் விசாரிக்க, நாலு வருடம் நகராத காரியம் நாலு நிமிடத்தில் நகர்ந்தது. மைதானக்காரர் சுத்தியலும் கை நிறைய ஆணியுமாகச் சந்துக்குள் நுழைவதைப் பார்த்த பூட்டு கழுத்து மெடல் ஆட ஓடினாள்.

"அண்ணே! அடிக்காதீங்க!"

"நல்லா இருக்கே! நாலு வருஷமா என்னை நச்சரிச்சது யாரு?"

"நான்தான். இப்ப நானே சொல்றேன். அது அப்படியே இருக்கட்டும். அடுத்த வருஷம் இங்க உக்காரப்போறவளுக்கும் கால் பழகட்டும்."

மைதானக்காரர் ஆணிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, படித்த பிள்ளைகளே இப்படித்தான் என்று முனகிக்கொண்டே போனார்.

வெயில் இறங்கியதும் எல்லோரும் கொட்டகையின் பின்னால் கூடினார்கள். பெயிண்ட் டப்பாவை இந்த முறை கேப்டன் பிடித்துக்கொண்டாள், அடிபடாத கையால். பூட்டு தூரிகையைத் தோய்த்தாள். தன் பனியன் எண்ணை 22 என்று எழுதினாள்; கீழே பூட்டு என்று எழுதினாள். அவசரத்தில் 'பூ'வின் சுழி கொஞ்சம் சாய்ந்துவிட்டது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் மதிலில் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. அவள் அழுதாள்; இந்தத் தடவை குளியலறைக்குப் போகவில்லை, எல்லோர் முன்னாலும் அழுதாள்.

அம்மா அப்போதுதான் கூட்டத்துக்குள் நுழைந்து வந்தாள். பின்னால் அப்பா.

"எல்லாரும் ஓடறாங்க, கத்தறாங்க, நீ மட்டும் ஏண்டி அங்கேயே நின்னே? அப்புறம் உங்கப்பா சொல்லித்தான் தெரிஞ்சுது, அங்கேயே நின்னதாலதான் ஜெயிச்சீங்கன்னு."

பூட்டு சுவரைக் காட்டினாள்.

அம்மா கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். சுவருக்குக் கிட்டே போய்க் குனிந்தாள். ஈரப் பெயிண்டில் படாமல், எண்ணின் விளிம்பை ஒட்டி விரலை மெல்ல ஓட்டினாள். முதல் இரண்டைப் பார்த்தாள், அடுத்த இரண்டைப் பார்த்தாள். சாய்ந்துபோன சுழிக்கு வந்ததும் விரல் நின்றது. சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மாவின் வேலை என்னவென்று அணியில் எல்லோருக்கும் தெரியும்.

அம்மா நிமிர்ந்தாள். கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். பிறகு மகளின் கன்றிப்போன கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பாஸ்" என்றாள்.